கொண்டுவந்தவன் பங்கு

அரசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்தபோது, ரஞ்சிதா கொஞ்சம் தள்ளி ஒரு வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தேவனேரிக் கரையில் அன்றைக்கு நண்டு நன்றாக விழுந்திருந்தது. ஈசிஆர் சாலை ரிசார்ட்டுகளுக்குக் கொடுக்கலாம் என்று அவள் தனியாக எடுத்து வைத்திருந்த கூடையை அந்த ஆள் பாதி விலைக்குக் கேட்டான்.

"பாதி வெலைக்கு உங்கூட்ல போயி கேளு" என்று அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லி அலறினார்கள். திரும்பினாள். புருஷன் வலைக் கயிற்றை விடாமல் பிடித்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

நூற்றி எட்டுக்குப் போன் போடச் சொன்னார்கள். ரஞ்சிதா தம்பிக்குப் போட்டாள். கூடப் பிறந்தவன் சொந்தமாக ஆம்புலன்ஸ் வைத்து ஓட்டும்போது அவள் ஏன் மற்றவனைக் கூப்பிட வேண்டும்? துரை பூஞ்சேரி கூட்டுரோட்டில்தான் வண்டியை நிறுத்தியிருப்பான். அந்தக் குப்பத்தில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் வந்து நிற்பவன் அவன். வாடகை என்று ஒரு பைசா கேட்டதில்லை. அதில் அக்காவுக்கு ரொம்பப் பெருமை.

"யக்கா, மாமாவுக்கு வாயில எதுவும் குடுக்காத. தோ, வந்துகினே கீறேன்" என்றான். சொன்ன மாதிரியே வந்துவிட்டான்.

கூட்டுரோட்டில் வண்டி ஒரு நொடி மெதுவானது. நேராகப் போனால் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி. வலப்பக்கம் திரும்பினால் ஓஎம்ஆர் சாலை, தனியார் ஆஸ்பத்திரிகள்.

"எங்கக்கா வுடட்டும்?"

"என்னக் கேட்டா? நல்ல ஆஸ்பத்திரியா பாத்து வுடுடா."

"பெரியாஸ்பத்திரின்னா கூட்டம்க்கா. சீட்டு போட்டு, நின்னு, டாக்டரு வர்றதுக்குள்ள..." அவன் முடிக்கவில்லை. "நாவலூராண்ட எனக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு கீது. போன வொடனே உள்ள இட்டுகினு போயிடுவான்."

"அங்கியே வுடு" என்றாள் ரஞ்சிதா.

அவன் சொன்னது பொய்யில்லை. முழுக்கக் கண்ணாடியால் ஆன அந்தக் கட்டடத்தின் வாசலில் தள்ளுகட்டில் தயாராக நின்றது. நீல உடுப்புப் போட்ட மூன்று பேர் அரசுவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் காலில் ஒட்டியிருந்த மணல் பளபளக்கும் தரையில் உதிர்ந்துகொண்டே வந்தது. ஒரு பெண் காகிதங்களை நீட்டி இங்கே, இங்கே, இங்கே என்று விரலால் காட்டினாள். ரஞ்சிதா போட்டாள். கல்லூரியிலிருந்து ஓடிவந்த மகள் சங்கவி வந்து சேர்வதற்குள் எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்துவிட்டிருந்தது.

"படிச்சியாம்மா?"

"உங்கப்பன் சாவக் கெடக்கும்போது படிச்சிகினு நிப்பாங்களா?"

ரத்தக்குழாயில் மூன்று அடைப்பு என்றார்கள். மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான் என்று கையெடுத்துக் கும்பிட்ட மறுநாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் சளியானது, சளி மூச்சுத்திணறலானது, வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அரசு ஒரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் கதவு திறந்து ஒரு நர்ஸ் வருவாள், மருந்துச் சீட்டை நீட்டுவாள், கீழே போய்ப் பணம் கட்டி வாங்கி வர வேண்டும். ஒரு பை நிறைய உள்ளே போகும். எது அவன் உடம்பில் ஏறியது, எது ஏறவில்லை என்று கேட்க வழியில்லை.

அரசாங்கக் காப்பீட்டு அட்டையை ரஞ்சிதா வீட்டிலிருந்து தேடி எடுத்து வந்தாள். கவுன்டர் பெண் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "நாங்க அந்தத் திட்டத்துல இல்ல மேடம்."

பெரிய டாக்டர் வரும்போது மறித்துக்கொண்டு கேட்டாள். "சாரே, மொத்தம் எவ்ளோ ஆவும்?"

"அதெல்லாம் பில்லிங்ல கேளுங்கம்மா. எனக்குத் தெரியாது."

பில்லிங்கில் கேட்டால், "டாக்டர் எழுதுறதத்தான் நாங்க போடுறோம்."

கரையில் நண்டைக் கையில் வைத்திருப்பவள் விலையைத் தன் வாயால் சொல்வாள். கேட்பவன் திட்டுவான், இவள் திருப்பித் திட்டுவாள், ஏதோ ஒரு இடத்தில் வந்து நிற்கும். இங்கே விலை சொல்கிற வாயே இல்லை. ஆனால் தினமும் சாயங்காலம் போனில் ஒரு தொகை வந்து விழுந்தது. நேற்றையதைவிட அது எப்போதும் பெரிதாக இருந்தது.

கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்தாள். மாமியார் வழியில் கேட்டாள். கடைசியில் படகு எஞ்சினை விற்றாள். விற்ற அன்று துரை ஆஸ்பத்திரிக்கு வந்து இருபதாயிரம் ரூபாயைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்து மூடினான். "வச்சிக்கோக்கா. திருப்பித் தர வாணாம்." அவள் அவன் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அத்தனை பேர் பார்க்க அழுதாள்.

அரசுவின் வாயிலிருந்து குழாயை எடுத்து, வார்டுக்கு மாற்றி, ஒருவழியாக வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கடைசிப் பில்லைச் சங்கவிதான் வாங்கினாள். கட்டினது போக இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் நின்றது. மொத்தம் ஆறு லட்சத்துச் சொச்சம்.

ரஞ்சிதா நேராக மேனேஜர் ராகவனின் மேசைக்குப் போனாள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். குரல் உயராது, முகத்தில் ஒன்றும் தெரியாது.

"இன்னாய்யா இது? கையுறைக்கு மட்டும் இவ்ளோவா? என் புருஷனத் தொட்ட கை எத்தினி கைய்யா?"

"மேடம், மெதுவா பேசுங்க. பேஷன்ட்ஸ் இருக்காங்க."

"பேஷன்ட்டுங்க கேக்கட்டும்னுதான் கத்துறேன்! திருட்டுப் பசங்களா! கண்ணாடி போட்டு, காபிக் கடை வச்சி, கொள்ளை அடிக்கிறீங்களேடா!"

லாபியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இரண்டு செக்யூரிட்டிகள் வந்தார்கள். ராகவன் அவர்களைக் கண்ணாலேயே நிறுத்தினான்.

"எங்க மேல மட்டும் கோவப்பட்டு என்ன பிரயோஜனம்? இந்தக் கட்டடம் வாடகை. மெஷின் எல்லாம் லோன். பெரிய டாக்டர் கேக்குறத நாங்க குடுக்கலேன்னா பக்கத்து ஆஸ்பத்திரி குடுக்கும். பெட்டு காலியா இருந்தா மேல இருக்கறவங்க என்னக் கேப்பாங்க. நான் சம்பளக்காரன்."

"அப்ப யாருதான்யா திருடன்? செவுரா? கட்டிலா?"

சத்தம் அதிகமாகிக்கொண்டே போனது. யாரோ போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். ராகவன் அதைப் பார்த்தான். பிறகு மேசைமேல் கொஞ்சம் முன்னால் குனிந்து, முன்பைவிடவும் மெதுவாகச் சொன்னான்.

"உங்க ஆளுங்கள மொதல்ல கேளுங்க மேடம். கேஸ் கொண்டுவர்றவங்களுக்கு நாங்க குடுக்கறோம். அதுவும் உங்க பில்லுக்குள்ளதான் இருக்கு."

"எவன் கொண்டாந்தான்?"

"உங்க தம்பி துரைதானே கொண்டுவந்தார்?"

ரஞ்சிதாவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மூடிக்கொண்டது. சங்கவி "ம்மா" என்று தோளைத் தொட்டதும் தட்டிவிட்டாள். எஞ்சின் விற்ற பணத்தில் மீந்ததை எடுத்தாள். சொன்ன தொகையை அப்படியே கட்டினாள். புருஷனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, துரையின் வண்டி வாசலில் காத்திருப்பதைப் பார்த்தும் பார்க்காதவளாய் ஆட்டோ பிடித்தாள்.

மறுநாள் காலையில் பூஞ்சேரிக்குப் போனாள். கூட்டுரோட்டு டீக்கடைப் பக்கம் நாலைந்து ஆம்புலன்ஸ்கள் நின்றன. டிரைவர்கள் கையில் டீயோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். துரையும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என் புருஷன இன்னா வெலைக்கு வித்த?"

துரை டீ கிளாசைக் கீழே வைத்தான். "யக்கா, இங்க வாணாம். வூட்டுக்கு வா, பேசலாம்."

"இங்கதான் பேசணும். உங்கூட்டாளிங்களும் கேக்கட்டும். எவ்ளோடா வாங்கின?"

"எல்லா எடத்துலயும் கீதுக்கா இது. நான் வாங்கலேன்னா அந்தத் துட்டு உனுக்கா வந்திருக்கும்? ஆஸ்பத்திரிக்காரன் பாக்கெட்டுக்குப் போயிருக்கும்."

அறைந்தாள். பக்கத்தில் நின்ற டிரைவர் ஒருவன் "யக்கா, யக்கா" என்று குறுக்கே வந்தான். "தள்ளுடா, நீயும் அதே ஜாதிதான" என்று அவனையும் தள்ளினாள்.

துரை கன்னத்தைத் தடவவில்லை. அவன் முகம் சிவந்துவிட்டது. அவனுக்கும் கோபம் வந்துவிட்டது.

"ஊருக்கே ஓசியில வண்டி வுடுறேன். டீசலு எங்கிருந்து வருது? டியூ எவன் கட்றான்? ஆக்சிஜனு சும்மா குடுக்கிறானா? ஒரு நாளாச்சும் கேட்டியா நீ? 'என் தம்பி துட்டு வாங்க மாட்டான், என் தம்பி துட்டு வாங்க மாட்டான்'னு தெரு முழுக்க சொல்லிகினு திரிஞ்சியே, எப்டிடா வண்டி ஓடுதுன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"அதுக்கு உங்க மாமன் நெஞ்சுதான் கெடச்சிதா?"

"உசுரோட கீறாரா இல்லியா? அத்த சொல்லு மொதல்ல. நல்ல ஆஸ்பத்திரின்னு நீதான கேட்ட? அந்தத் துட்ட நான் துன்னல. அப்டியே கொண்டாந்து உங்கையில குடுத்தேன். அந்த இருவதாயிரம் இன்னான்னு நெனச்ச?"

ரஞ்சிதாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்தக் கை. அத்தனை பேர் முன்னால் அழுத அழுகை. அவளிடம் பிடுங்கினதில் ஒரு துண்டை அவளிடமே கொடுத்து, கும்பிடும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். வாங்கினதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். இதை அவளால் முடியவில்லை.

"இனிமே எங்கூட்டு வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வீட்டில் அரசு கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து அவளுக்காகவே காத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரன் வந்து எஞ்சின் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"எஞ்சின வித்துட்டியாமே. என்னக் கேட்டியா?"

"வாய்ல கொழாயோட கெடந்த. உங்கிட்ட எப்டிக் கேக்குறது?"

"கடனு வாங்கியிருக்கலாமில்ல. எஞ்சின் இல்லாம நான் கரையில ஒக்காந்து இன்னா பண்ணட்டும்? நண்டு எண்ணட்டுமா?"

துரை வாங்கினதைச் சொன்னாள். அரசு, "அவனாவது எங்கியோ ஒரு எடத்துல கொண்டும்போயி உசுரக் காப்பாத்தினான். நீ அந்த உசுர வச்சி பொழைக்க வழியில்லாம பண்ணிட்ட" என்றான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பிட வா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ரஞ்சிதா ரிசார்ட் ரிசார்ட்டாகக் கூடையோடு ஏறி இறங்கினாள். அவள் கூடையைப் பார்த்தாலே பேரம் பேசப் பயந்தார்கள். ஒரு சொல் அதிகமாகக் கேட்டால் பத்துச் சொல் திரும்பி வந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலையில் எதிர்வீட்டு ஆதியம்மாளுக்குப் பேச்சு குழறியது. இடது கை தூக்க வரவில்லை. அவள் மகன் கிஷோர் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன். அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனோடு தெருவுக்கு ஓடிவந்து கத்தினான். பத்து நிமிஷத்தில் துரையின் வண்டி தெருவுக்குள் நுழைந்தது.

ஆதியம்மாளை ஏற்றிக் கதவைச் சாத்தியதும் ரஞ்சிதா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். முன்பே யோசித்து வைத்திருந்ததல்ல. கால் தானாகப் போய்விட்டது.

"செங்கல்பட்டுக்குன்னா போ. இல்லேன்னா நூத்தியெட்டு வரட்டும்."

துரை ஹாரன் அடித்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கிஷோர் இறங்கி ஓடிவந்தான். "நகருக்கா! அம்மாவுக்கு டைம் இல்ல!"

"இவன் எங்க இட்டுகினு போறான்னு தெரியுமாடா உனுக்கு?"

"தெரியும். ஆஸ்பத்திரிக்கு."

"அங்க ஒவ்வொரு தலைக்கும் இவனுக்குத் துட்டுடா! என் எஞ்சினு போன எடம்டா அது!"

"எனக்கு இன்ஷூரன்ஸ் கீது. கம்பெனி குடுக்கும். உனுக்கு இல்லேன்றதுக்காக எங்கம்மா சாவணுமா? நகரு!"

அவள் பானட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். "தன் வயித்தெரிச்சலுக்கு அடுத்தவ உசுர வாங்குறா பாரு" என்று ஒருத்தி சொன்னது தெளிவாகக் கேட்டது. கிஷோர் அவளைத் தோளைப் பிடித்து ஒதுக்கித் தள்ளினான். சேற்றில் விழுந்தாள். வண்டி அவள் புடவைத் தலைப்பை ஒட்டி உரசிக்கொண்டு போனது. கைகொடுத்துத் தூக்க ஒருவரும் வரவில்லை. அவளே எழுந்துகொண்டாள்.

அன்றிலிருந்து தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்கள். ஆதியம்மாள் பிழைத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. கை மட்டும் சரியாக வரவில்லையாம். நேரத்தோடு போயிருந்தால் வந்திருக்கும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வண்டியை அவள் நிறுத்தி வைத்தது எவ்வளவு நேரம்? நூறு எண்ணுவதற்குள் இருக்குமா? ரஞ்சிதாவுக்குத் தெரியவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் துரைமேல் கோபம் இன்னும் ஏறியது. தன்மேல் ஏறினதையும் அவன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துக் கிஷோர் அவள் வாசலில் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம். ரஞ்சிதா மீன் அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, அன்னிக்குத் தள்ளினது தப்புதான்."

"இன்னா வேணும்? அத்த சொல்லு."

"இன்ஷூரன்ஸ்காரன் பாதிதான் பாஸ் பண்ணான். ரூம் வாடக ஜாஸ்தியாம், அதனால எல்லாத்தையும் வெட்டிட்டான். ஆஸ்பத்திரில கேட்டா இன்ஷூரன்ஸக் கேளுன்றான். அவன் ஆஸ்பத்திரியக் கேளுன்றான். இன்னிக்கு டிஸ்சார்ஜ். பாக்கி கட்டலேன்னா பேப்பரு தரமாட்டேன்றான்." கொஞ்சம் நிறுத்தினான். "நீ அங்க பேசினேன்னு சொன்னாங்க."

"பேசி இன்னாத்தக் கிழிச்சேன்? முழுசா கட்டிட்டுதான் வந்தேன்."

அவன் போகவில்லை, நின்றுகொண்டே இருந்தான். ரஞ்சிதா மீனை மூடி வைத்தாள். கையைக் கழுவினாள். போனை எடுத்து, அத்தனை நாளும் தொடாமலிருந்த தம்பியின் நம்பரை அழுத்தினாள்.

"வண்டிய எடுத்துகினு நாவலூருக்கு வா. ஆதியம்மாவுக்கு எவ்ளோ வாங்கினேன்னு அந்த ராகவன் முன்னால உன் வாயால சொல்லு. அத்த கழிக்கச் சொல்லலாம்."

மறுமுனையில் போன் அணைந்துவிட்டது. மறுபடியும் போட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

"பைக்க எடு" என்றாள் கிஷோரிடம். "அங்க நீ வாயத் தொறக்காத."

லாபியில் நுழைந்ததிலிருந்தே கத்த ஆரம்பித்தாள். கவுன்டரில் இல்லை, மேசையில் இல்லை, நடுக்கூடத்தில் நின்று, புதிதாக உள்ளே வருகிறவர்கள் காதில் விழும்படி கத்தினாள். தூக்கி வந்தவனுக்கு இவ்வளவு, எழுதினவனுக்கு இவ்வளவு, படுத்தவனுக்கு மொட்டை என்று கத்தினாள். தள்ளுகட்டிலோடு வந்த ஒரு குடும்பம் வாசலிலேயே தயங்கி நின்றது. அதைப் பார்த்ததும் ராகவன் அவசரமாக எழுந்து வந்தான்.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தான். கணினியில் ஏதோ தட்டினான். கிஷோர் கட்ட வேண்டியதில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை, எங்கேயும் போன் போடவில்லை. கிஷோர் நம்ப முடியாமல் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றான்.

ரஞ்சிதா எழுந்திருக்கவில்லை.

"இவ்ளோ சுளுவா கொறைக்கலாமா? அப்ப எனுக்கு ஏன்யா கொறைக்கல?"

ராகவன் அவளைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் ஏதோ தெரிந்தது. அது இரக்கமா இளக்காரமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அன்னிக்கும் கொறைச்சிருப்போம் மேடம். இன்னும் அஞ்சு நிமிஷம் கத்தியிருந்தா கொறைச்சிருப்போம். உங்க தம்பி பேரக் கேட்டதும் நீங்க நிறுத்திட்டீங்க."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் என்றிருந்தது. மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைத் தூக்கினாள். அந்தக் கண்ணாடிச் சுவரில் எறிந்தாள். சுவர் உடையவில்லை. பேனாக்கள் மட்டும் தரையெல்லாம் சிதறின. செக்யூரிட்டி வந்து இரண்டு கையையும் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான்.

வாசலில் ஆதியம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் சவமாகக் கிடந்தது. ரஞ்சிதாவைப் பார்த்ததும் கோணிய வாயால் கஷ்டப்பட்டுச் சொன்னாள். "பாவி... நீ நிறுத்தாம... இருந்தா..."

"ம்மா, அக்காதான் பில்ல கொறச்சிது" என்றான் கிஷோர்.

ஆதியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்சி பிடிக்கிறேன், கூட வருகிறாயா என்று கிஷோர் கேட்டதற்கு ரஞ்சிதா வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, ரோட்டைக் கடந்து பஸ்சுக்கு நின்றாள்.

பூஞ்சேரியில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. டீக்கடைப் பக்கம் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் அவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

தம்பியின் வண்டி அங்கே இல்லை. அவனுக்கு எங்கேயோ கேஸ் கிடைத்திருந்தது.